சிறிய ட்ரக்டர் வாங்க முன்னர் காணியை அளந்து பாருங்கள்

மாத்தளை மாவட்டத்தில் தோட்டக்காணி வைத்திருக்கின்ற எமது சகோதரர்களுக்கு இன்று பெரிய தலையிடியாக இருப்பது வேலையாள் பிரச்சினையாகும். மிளகு ஆய்வதற்கும் ஆளில்லை, கராம்பு பறிப்பதற்கும் ஆளில்லை, தென்னைக்குக் கீழே வளர்ந்திருக்கும் புல்லை வெட்டுவதற்கும் ஆளில்லை. வாப்பாமார் காலத்தில் குடும்பமாக இறங்கிச் செய்த வேலைக்கு இன்று பிள்ளைகள் ஊரில் இல்லை. ஒருவர் கொழும்பில் கடையில் இருப்பார், மற்றவர் கட்டாரில் இருப்பார். ஆகவே "ஒரு சின்ன ட்ரக்டர் எடுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற எண்ணம் பலருக்கும் வருகின்றது.

எண்ணம் பிழையானதல்ல. ஆனால் 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி விழுந்த பின்னர் இறக்குமதி இயந்திரம் ஒன்றின் விலை சாதாரண குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கக்கூடியதாக மாறிவிட்டது. பக்கத்து வீட்டு நானா வாங்கினார் என்பதற்காக வாங்கி, பிறகு கொட்டிலில் நிறுத்தி வைப்பதற்கு இது துவிச்சக்கர வண்டியல்ல. எனவே எந்த இயந்திரம், எந்த உபகரணம், எந்தக் காணிக்கு என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மேலே ஒரு மாத்தளை, கீழே ஒரு மாத்தளை

எமது மாவட்டம் ஒரே மாதிரியான நிலத்தைக் கொண்டதல்ல. ஏ9 வீதியில் மாத்தளை நகரிலிருந்து வடக்கே செல்லச் செல்ல நாலந்த, நாவுல, தம்புள்ளை என நிலம் சமப்படுகிறது. கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தில் வயல், பெரிய வெங்காயம், மரக்கறி. அங்குள்ள செம்மண் காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் சேறாகும். அதற்கு மாறாக உக்குவெல, ரத்தோட்டை, யட்டவத்தைப் பக்கங்களில் மேடும் பள்ளமுமான கலப்புத் தோட்டங்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ, கோப்பி, பாக்கு எல்லாம் ஒரே காணியில் நிற்கும்.

தம்புள்ளையில் தினமும் உழைக்கின்ற ஒரு இயந்திரம் ரத்தோட்டை மலைச்சரிவில் ஆபத்தாக மாறலாம். ரத்தோட்டைக்குப் பொருத்தமான கைமெஷின் கலேவெல வயலில் காலத்தை வீணாக்கலாம். கம்பனிக்காரர் எல்லோருக்கும் ஒரே விளம்பரத் தாளைத்தான் கொடுப்பார். காணியைத் தெரிந்தவர் நீங்கள்தான்.

மூன்று வகை இயந்திரங்கள்

முதலாவது, இரண்டு சில்லு உழவு இயந்திரம். நாம் எல்லோரும் "லேண்ட் மாஸ்டர்" என்று சொல்வது இதைத்தான். அது உண்மையில் ஒரு பிரித்தானியத் தயாரிப்பின் பெயர். பிறகு ஜப்பானின் குபோட்டா வந்தது, சீனாவின் சிஃபாங் வந்தது. பெயர் மட்டும் பழையபடி நிலைத்துவிட்டது. பொதுவாக 7 முதல் 14 குதிரைவலு கொண்ட டீசல் இயந்திரங்கள் இவை. எந்தக் கராஜ் பாஸுக்கும் இதன் வேலை தெரியும். உதிரிப்பாகம் சிறிய நகரத்திலும் கிடைக்கும்.

இரண்டாவது, 15 முதல் 30 குதிரைவலு வரையிலான சிறிய நான்கு சில்லு ட்ரக்டர். குபோட்டா, மஹிந்திரா போன்ற கம்பனிகளின் சிறிய ரகங்கள் இதில் அடங்கும். அகலம் குறைவு என்பதால் மர வரிசைகளுக்கு இடையில் செல்லும்.

மூன்றாவது, 45 குதிரைவலு அளவிலான பெரிய ட்ரக்டர். வயல் உழுதல், மண், கல் ஏற்றுதல் போன்ற கூலி வேலைக்கு இதுவே பொருத்தம். சொந்தமாக 5 ஏக்கர் தோட்டம் மாத்திரம் உள்ளவர் இதனை வாங்குவது, கோழிக்கூட்டுக்கு மாளிகைக் கதவு போடுவதற்குச் சமனாகும்.

ஒரு சிறு கணக்கு

இரண்டு சில்லு இயந்திரத்தின் ரொட்டவேட்டர் சுமார் 2 அடி அகலம் கொண்டது. ஒரு ஏக்கரை ஒரு தடவை கிளற வேண்டுமானால் அதன் பின்னால் ஏறக்குறைய 6.6 கிலோமீற்றர் நடக்க வேண்டும். திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணித்தியாலம் அளவில் போய்விடும். இரண்டாம் தடவை கிளறினால் அது இரட்டிப்பாகும். 4 அடி ரொட்டவேட்டர் பூட்டிய சிறிய ட்ரக்டர் அதே ஏக்கரைச் சுமார் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிக்கும், சாரதியும் அமர்ந்திருப்பார். அரை ஏக்கர் வீட்டுத்தோட்டத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. பத்து ஏக்கர் சமநிலம் உள்ளவருக்கு அது ஒரு பருவத்தையே மாற்றிவிடும்.

சரிவுதான் முதல் கேள்வி

ட்ரக்டர் விபத்துகளில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புரளுதல்தான். சுவீடன் நாடு 1959இலேயே புதிய ட்ரக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் எனச் சட்டம் போட்டது. சாரதியின் பின்னால் வளைவாக நிற்கும் அந்த இரும்புச் சட்டகத்தை "மரக்கிளை தட்டுகிறது" என்று கழற்றி வைப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அது அழகுக்கு வைத்ததல்ல. சட்டகமும் ஆசனப் பட்டியும் இல்லாத ட்ரக்டரைச் சரிவுக் காணிக்கு வாங்கவே வேண்டாம்.

காணியின் சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 10 அடி நீளமான நேரான பலகையொன்றின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் வைத்து, மேசன்மார் பாவிக்கும் மட்டக்கருவியால் பலகையைச் சமப்படுத்துங்கள். மறுமுனைக்குக் கீழே நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுங்கள். இரண்டரை அடிக்கு மேல் இறங்கினால் அது ஏறக்குறைய 14 பாகைச் சரிவு. அந்த இடத்தில் நான்கு சில்லு ட்ரக்டரைக் குறுக்கே ஓட்டக் கூடாது. மழை பெய்த மண்ணில் அதைவிடக் குறைந்த சரிவும் ஆபத்தானது. அவ்வாறான காணியில் தோளில் தொங்கவிட்டுப் பாவிக்கும் புல்வெட்டும் மெஷினும், ஏறியிறங்க நல்ல பாதையொன்றும்தான் உங்களுக்குத் தேவை.

லேண்ட் மாஸ்டர் ஓட்டுபவர்கள் இன்னொரு விடயத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடியிலுள்ள இடப்பக்கக் கிளட்சை அழுத்தினால் இடப்பக்கச் சில்லுக்கு வலு போகாது, ஆகவே வண்டி இடப்பக்கம் திரும்பும். இது சமநிலத்தில். ஆனால் இறக்கத்தில் சுமையேற்றிய ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது, எஞ்சின் சில்லுகளைப் பிடித்து நிறுத்திக் கொண்டிருக்கும். அப்போது இடப்பக்கக் கிளட்சை அழுத்தினால் அந்தச் சில்லு பிடியின்றி வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். புதிதாக ஓட்டும் இளைஞர்கள் பள்ளத்தில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இறக்கம் தொடங்க முன்னரே சிறிய கியரில் போட வேண்டும், நியூட்ரலில் விடவே கூடாது, கிளட்சில் கை வைக்காமல் கைப்பிடியாலேயே திருப்ப வேண்டும்.

உபகரணங்கள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள்

நான்கு சில்லு ட்ரக்டரின் பின்னால் உபகரணங்களைப் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பு ஹெரி பெர்குசன் என்பவர் உருவாக்கியது. இன்று எல்லாக் கம்பனிகளும் அதையே பின்பற்றுகின்றன. ஆனால் அதிலும் அளவுகள் உண்டு. மிகச் சிறிய ட்ரக்டருக்கு ஒரு அளவு, சாதாரண ட்ரக்டருக்கு வேறு அளவு. அதேபோல உபகரணத்தைச் சுழற்றும் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்பது வழமை. உபகரணம் வாங்கும்போது இவ்விரண்டும் பொருந்துகின்றதா எனப் பார்க்காவிட்டால், பிறகு வெல்டிங் கடைக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டி வரும்.

ரொட்டவேட்டர் மண்ணைப் பொடியாக்கும். மரக்கறிப் பாத்திக்கும் வயலுக்கும் நல்லது. 24, 25 குதிரைவலுவுக்கு 4 அடி அகலம் போதுமானது. கல் அதிகமுள்ள காணியில் அதன் கத்திகள் தாங்காது. அங்கே கொத்துக் கலப்பையே சிறந்தது.

மிளகுத் தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிளகுக் கொடிகளைப் பொதுவாக 8 அடிக்கு 8 அடி என்ற இடைவெளியில் நடுகிறோம். சிறிய ட்ரக்டர் இடையில் நுழையும் என்பது உண்மை. ஆனால் மிளகின் வேர்கள் மண்ணின் மேற்பகுதியிலேயே பரவியிருக்கும். அதற்குள் ரொட்டவேட்டரை விட்டால் வேர் அறுபடும், காயத்தின் வழியாக அழுகல் நோய் புகும், கொடி வாடிவிடும். மிளகுக்கு இடையில் புல்லை வெட்டலாம், மண்ணைக் கிளறக் கூடாது. தென்னையில் இடைவெளி 26 அடி என்பதால் ட்ரக்டருக்குத் தாராளமான இடமுண்டு. அங்கும் மரத்தைச் சுற்றி 6 அடிக்குள் கலப்பை போகாமலிருப்பது நல்லது.

எனது அபிப்பிராயத்தில் தோட்டக்காரர் முதலில் வாங்க வேண்டியது ட்ரெய்லர்தான். உரம், தேங்காய், விறகு, தண்ணீர்த் தாங்கி என வருடம் முழுவதும் அதற்கு வேலை இருக்கும். இரண்டாவது, புல் வெட்டும் உபகரணம். மூன்றாவதுதான் கலப்பை. குழி தோண்டும் துளைகருவியைப் புதிதாகக் கன்று நடும் வருடத்தில் மாத்திரம் வாடகைக்கு எடுத்தால் போதும்.

பணக் கணக்கு

இதைச் சந்தை விலையாகக் கொள்ளாமல் கணக்குக்காக மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள். இயந்திரமும் உபகரணமும் 20 இலட்சம். பத்து வருடத்தின் பின் 5 இலட்சத்துக்கு விற்கலாம் என வைத்தால் வருடத் தேய்மானம் ஒன்றரை இலட்சம். பராமரிப்பு 60,000. மொத்தம் 2,10,000. வருடத்தில் 30 நாள்தான் ஓடுகிறது என்றால், டீசலும் சாரதி சம்பளமும் இல்லாமலே ஒரு நாளுக்கு 7,000 ரூபா செலவு. 100 நாள் ஓடினால் பராமரிப்பு ஒரு இலட்சமாகக் கூடினாலும் நாளொன்றுக்கு 2,500 ரூபாதான். உங்கள் ஊரில் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்பதை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது அப்போது தெரியும். மூன்று சகோதரர்கள் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழி. ஆனால் யார் எப்போது பாவிப்பது, உடைந்தால் யார் செலவழிப்பது என்பதை எழுத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

தவணைக்கு எடுப்பவர்களில் வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் முராபஹா அல்லது இஜாரா முறையை நாடுகின்றனர். முராபஹாவில் நிறுவனம் முதலில் இயந்திரத்தைத் தான் வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கும். இஜாராவில் உரிமை நிறுவனத்திடம் இருக்கும், நீங்கள் வாடகை செலுத்துவீர்கள். எந்த முறையானாலும் மொத்தமாகச் செலுத்தப் போகும் தொகை, காப்புறுதி யார் பொறுப்பு, தவணை பிந்தினால் என்ன நடக்கும் ஆகிய மூன்றையும் கையொப்பமிட முன்னர் கேளுங்கள். மிளகு வருமானம் அறுவடைக் காலத்தில்தான் வரும். மாதத் தவணை மாதாமாதம் வரும்.

பாவித்த இயந்திரம் வாங்குவோருக்கு

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஏற்கனவே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எல்லாக் கியரிலும் ஓட்டி, உபகரணத்தைச் சுழற்றிப் பாருங்கள். ஜப்பானில் பாவித்த சிறிய ட்ரக்டர்கள் பார்வைக்கு அழகானவை. ஆனால் அந்த மொடலுக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதை விற்பவரிடம் கேட்காமல், உதிரிப்பாகக் கடையில் கேளுங்கள். எஞ்சின், சேசி இலக்கங்கள் பதிவுப் புத்தகத்துடன் பொருந்த வேண்டும். வீதியில் ஓட்டுவதற்கு இரண்டு சில்லுக்கு ஜீ1, நான்கு சில்லுக்கு ஜீ என்ற பிரிவு சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்க வேண்டும். 

ஆலோசனைக்கு மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாசனைத் திரவியப் பயிர்களுக்கு இடையில் எதைச் செய்யலாம் என்று அங்கு கேட்கலாம். இயந்திரங்கள் பற்றி மகாஇலுப்பள்ளமயிலுள்ள பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

முற்பணம் கட்ட முன்னர் ஒரு போகத்துக்கு அதே அளவான இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து உங்கள் காணியில் ஓட்டச் செய்து பாருங்கள். எத்தனை நாள் ஓடியது, எந்த மூலையில் திரும்ப முடியவில்லை, எந்த உபகரணத்தைத் தொடவேயில்லை என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.