உங்களுக்குத் தெரியுமா? பட்டம் வாங்கியாச்சு, அடுத்து ஆய்வுக்கூடம்

★ பத்து காஜா கெல்லிஸ் கேசலுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில், தெய்வச் சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து மாளிகை கட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் மடிந்தபோது, மிஞ்சியவர்கள் கேட்டு, மாளிகையின் சொந்தக்காரரான கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்த கோயில் அது, அந்த வெள்ளைக்காரரும் அவர்தான் என்பார்கள். அன்று நோய்க்கு நம்மிடம் இருந்த ஒரே பதில் மாரியம்மன்தான்.

★ மலாயாவில் ஒருகாலத்தில் பெரிபெரி நோயால் ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிதாகத்தான் வந்தது. காரணம், புழுங்கலரிசி! நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். பிராடன், ஃபிளெட்சர், ஃபிரேசர், ஸ்டான்டன் என்று ஆளாளுக்கு ஆராய்ந்து, 1900களின் முதல் பத்தாண்டில் குற்றவாளி தீட்டிய அரிசிதான் என்று காட்டினார்கள். பெயர்களைப் பாருங்கள், ஒரு முனுசாமி இல்லை. சோற்றுப் பானை நம்முடையது, ஆய்வேடு அவர்களுடையது.

★ பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே 1896-இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் போனார். திரும்பி வந்து கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் பெரிபெரியை ஆராய்ந்தார். பின்னாளில் மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கிய புகழோடு வந்து ஈப்போவில் கிளினிக் நடத்தினார். ஓர் உபகாரச் சம்பளம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இவரே சாட்சி.

★ நிப்பா வைரஸ் 1998-இல் முதலில் தலைகாட்டியது நம் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து கொசுப்புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. அதற்குள் நோய் பல உயிர்களைக் குடித்திருந்தது. மலேசியாவில் மொத்தச் சாவு 105.

★ இப்படிப்பட்ட ஆய்வாளர்களை உருவாக்க அமெரிக்காவில் 'பிரெப்' என்றொரு திட்டம் 2000-த்தில் தொடங்கியது. உயிர்மருத்துவ ஆய்வில் அதிகம் இடம்பெறாத சமூகத்து இளைஞர் பட்டம் வாங்கியதும், ஓராண்டோ இரண்டாண்டோ சம்பளத்தோடு ஆய்வுக்கூடத்தில் வேலை. முக்கால்வாசி நேரம் பைப்பெட் பிடிப்பது, ஜெல் ஓட்டுவது, சொதப்புவது, மறுபடி ஓட்டுவது. மிச்ச நேரத்தில் ஆய்வுக் கட்டுரை படிக்கவும் பிஎச்.டி. விண்ணப்பம் எழுதவும் பழக்கினார்கள். மதிப்பெண்ணைவிட, 'இந்தப் பிள்ளைக்குக் கை ஓடுகிறது' என்று ஒரு பேராசிரியர் எழுதும் கடிதமே கதவைத் திறக்கும். இந்தத் திட்டத்துக்கான அரசு நிதி 2025-இல் வெட்டப்பட்டது. வீண்செலவு என்று வெட்ட எத்தனையோ இருக்க, இதில் கைவைத்தது அநியாயம்.

★ மாடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான கிஸ்மெக்கியா கார்பெட், மேரிலாந்தின் மேயர்ஹாஃப் திட்டத்தில் பட்டம் படித்தவர். கறுப்பின மாணவர்களை முனைவர் பட்டம்வரை கொண்டுசேர்க்க 1988-இல் தொடங்கிய திட்டம் அது.

★ அமெரிக்காவில் உயிர்மருத்துவ பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் மாஸ்டர் பட்டம் கேட்பதில்லை. கட்டணத்தையும் மாதச் செலவுப் பணத்தையும் அவர்களே தருகிறார்கள். நம் நாட்டிலும் முதல் வகுப்பில் (சி.ஜி.பி.ஏ. 3.67) தேறியவர் மாஸ்டரைத் தாண்டி நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வழியுண்டு.

★ பத்து காஜா பிள்ளைக்கு இந்தப் பாதை ஒன்றும் தூரமில்லை. மெட்ரிகுலேஷன் கல்லூரி கோப்பெங்கில்; உயிர்மருத்துவ அறிவியல் பட்டம் கம்பார் யூ.டி.ஏ.ஆரில். 'பிரெப்' மாதிரி தனித்திட்டம் இங்கே இல்லாவிட்டாலும், கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்வது ஜி.ஆர்.ஏ. என்னும் ஆய்வு உதவியாளர் பதவி. விரிவுரையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து மாதச் சம்பளம், கூடவே முதுகலை அல்லது முனைவர் பதிவு. இந்த இடங்கள் பல பத்திரிகை விளம்பரத்துக்கு வராது. விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்பவருக்கே தெரியவரும். கூச்சப்பட்டு நின்றால் இடம் போய்விடும்.

இறுதியாண்டுப் பிள்ளைகளே, இறுதித் தேர்வு முடியும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே அந்த மின்னஞ்சலை எழுதுங்கள். அம்மா அப்பாமார்களே, "இன்னும் படிப்பா?" என்று கேட்குமுன், அந்தப் படிப்புக்குச் சம்பளம் உண்டா என்று ஒருமுறை விசாரியுங்கள்.