எந்தப் பாடசாலையில் சேர்ப்பது? மட்டக்குளித் தாய்மாருக்குச் சில யோசனைகள்



ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கலாம் என்பது சட்டம். நான்கு வயதிலேயே நமது வீடுகளில் பேச்சு ஆரம்பமாகி விடுகிறது. "ஸாஹிரா கிடைக்குமா? நல்லாயன் கிடைக்குமா? பக்கத்துப் பாடசாலையே போதுமா?" மட்டக்குளியில் இந்தக் கேள்வி எழாத வீடு அபூர்வம்.

நம்மைச் சுற்றிப் பெயர் பெற்ற பாடசாலைகள் பல உண்டு. 1865இல் தொடங்கிய கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி, அதே கொட்டாஞ்சேனையில் நல்லாயன், விவேகானந்தா, 1884இல் உருவான ஹமீத் அல் ஹுஸைனி, 1892இல் பிறந்த மருதானை ஸாஹிரா, சேர் ராசிக் பரீதின் முயற்சியால் 1946இல் எழுந்த பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரி. இவற்றோடு நமது வட்டாரத்துச் சிறிய பாடசாலைகளும் இருக்கின்றன. இவற்றை எப்படி ஒப்பிடுவது? பெயரையும் கட்டடத்தையும் பார்த்தா?

முதலில் பாடசாலையின் வகையைக் கேளுங்கள். அரசாங்கம் பாடசாலைகளை நான்காகப் பிரித்திருக்கிறது. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்படப் பல துறைகள் இருக்கும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். இரண்டாம் வகை 11ஆம் தரத்தோடு முடியும். மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது எட்டாம் தரத்தோடு நின்று விடும்.

முதலாம் தரத்துக்கு இது எதற்கு என்று எண்ணாதீர்கள். பதினாறு வயதில் உங்கள் மகள் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் 'ஏ' எடுத்து வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். அவள் படித்த பாடசாலையில் விஞ்ஞானத் துறை இல்லை. அத்துறையுள்ள பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏற வேண்டும். மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்ப மஃரிப் ஆகிவிடும். "பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று யாராவது ஒருவர் வாய் திறப்பார். பிள்ளையின் படிப்பு அங்கேயே திசை மாறும், அல்லது நின்று போகும். பத்து வருடத்துக்கு முன்பே யோசித்திருந்தால் ஒரு வழி செய்திருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, பெறுபேறு. ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளையின் படத்தைப் பெரிய பதாகையில் மதிலில் தொங்க விடுவார்கள். மகிழ்ச்சிதான்! ஆனால் அது ஒரு பிள்ளையின் கதை. சாதாரண தரத்துக்கு எத்தனை பேர் தோற்றினார்கள், அவர்களில் எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள் என்று கேளுங்கள். முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி என்பதே பொதுவான தகுதி. ஆறாம் தரத்தில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை வந்தார்கள் என்றும் கேளுங்கள். இடையில் விலகிய பிள்ளைகளின் கணக்கு எந்தப் பதாகையிலும் வராது.

மூன்றாவது, மொழி. சிங்கள மொழி மூலம் சேர்த்தால் எதிர்காலம் நன்றாயிருக்கும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பது தாய். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் முதலாம் தரத்திலிருந்தே டியூஷனை நம்ப வேண்டி வரும். ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்கும் வசதி சில பாடசாலைகளில் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

நான்காவது, நமது தேவைகள். முஸ்லிம் அல்லாத பாடசாலையானால் இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை. மற்றவற்றுக்கு வேறு தவணை. ஒரு பிள்ளை இங்கும் ஒரு பிள்ளை அங்கும் படித்தால் நோன்பு காலத்தில் வீட்டு ஒழுங்கு எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே சிந்தியுங்கள்.

இன்னொரு செய்தியும் தாய்மார் அறிய வேண்டும். விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் சார்ந்த பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நமது பிள்ளைகள் கொழும்பு மாவட்டத்தவர். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத சிறிய பாடசாலையின் பிள்ளையும், றோயல் கல்லூரியின் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் போட்டியிட வேண்டும். வசதி குறைந்த பாடசாலை என்று மட்டக்குளிக்குத் தனிச் சலுகை கிடையாது. ஆகவே விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா என்பதே நீங்கள் அதிபரிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி.

விரும்பிய பாடசாலை கிடைக்கவில்லையா? மனம் உடையாதீர்கள். முதலாம் தரத்தோடு வாசல் மூடுவதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலைக்குப் போகலாம். சாதாரண தரத்தின் பின் உயர்தரத்துக்கு மீண்டும் ஒரு வாசல் திறக்கிறது. அதுவரை பக்கத்துப் பாடசாலையைக் கைவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெண்களும் பேசலாம். ஆசிரியர் வெற்றிடத்தைப் பற்றிப் பத்துத் தாய்மார் சேர்ந்து வலயக் கல்விக் காரியாலயத்துக்கு எழுதும் கடிதத்துக்குத் தனி மதிப்புண்டு.

இன்று இரவே ஒரு கொப்பியை எடுத்து, மேலே சொன்ன கேள்விகளை எழுதிக் கொள்ளுங்கள். இரண்டு மூன்று பாடசாலைகளுக்கு நேரில் போய் விடைகளைக் குறித்து வந்து, கணவரோடு அமர்ந்து பேசுங்கள். மகனுக்குச் செய்யும் அதே கணக்கை மகளுக்கும் செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக!