கப்பியைச் சிறிதாக்கினால் வேகம் கூடுமா?

பிக்கப் என்றதும் காய்கறிக் கூடைகளையும் சிமென்டு மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிதான் உங்கள் நினைவுக்கு வரும். முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த தொட்டி. அமெரிக்காவில் இதே வகை வண்டியைப் பந்தயக் கார் போலப் பாய்ந்து செல்லும்படி செய்தும் விற்றிருக்கிறார்கள். போர்டு நிறுவனம் 1999 முதல் 2004 வரை தயாரித்த ‘எஃப்-150 லைட்னிங்’ அப்படிப்பட்ட ஒன்று. லைட்னிங் என்றால் மின்னல். அதில் 5.4 லிட்டர் கொள்ளளவும் 8 சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின் உண்டு. 2001இலிருந்து வந்த வண்டிகளின் திறன் 380 குதிரைத்திறன். எடையோ இரண்டு டன்னுக்குச் சற்று மேல்.

இன்று அவை 20 வயதைத் தாண்டிய பழைய வண்டிகள். ஒன்றை வாங்கி வைத்திருக்கும் இளைஞரின் கையில் பணம் குறைவாக இருக்கிறது. வேகத்தின் மேல் ஆசையோ அதிகம். அவருக்கு முதலில் தோன்றும் யோசனை, ‘ஒரு சிறிய கப்பியை மாட்டிவிடலாம்’ என்பதுதான். அது நல்ல யோசனையா? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விடை காணலாம்.

காற்றைத் திணிக்கும் கருவி

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று நுழைகிறதோ அதைப் பொறுத்தே அதன் திறன் அமையும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை உறிஞ்சும். எனவே 5.4 லிட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 2.7 லிட்டர் காற்றை உறிஞ்சும்.

லைட்னிங் வண்டியில் காற்று தானாக நுழைவதில்லை. சூப்பர்சார்ஜர் என்னும் கருவி அதைத் திணிக்கிறது. அதன் உள்ளே முறுக்கிய மடல்கள் கொண்ட இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்கின்றன. ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 லிட்டர் காற்றை அவை தள்ளும். எஞ்சினே ஒரு வார்ப்பட்டையின் மூலம் இதைச் சுழற்றுகிறது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது இக்கருவி இரண்டு சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். அப்போது 2.7 லிட்டர் நுழையவேண்டிய இடத்தில் 3.6 லிட்டர் தள்ளப்படுகிறது. காற்று நெருங்குவதாலும் சூடாவதாலும் அழுத்தம் கூடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில், இது வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ பாதி மடங்கு அதிகம்.

சைக்கிளின் பின்சக்கரத்தில் சிறிய பல்சக்கரம் இருந்தால், ஒரு மிதிக்குச் சக்கரம் அதிகச் சுற்றுகள் சுற்றும் அல்லவா? இங்கும் அப்படியே. சூப்பர்சார்ஜரின் கப்பி விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் அதன் சுழற்சி 100/90, அதாவது 1.11 மடங்காகும். காற்றும் ஏறக்குறைய 11 சதவீதம் கூடும். ஆகவே வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை.

கூடவே வரும் வெப்பம்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கப்படும் வாயு சூடாகிறது. 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின் வெப்பநிலையில் உள்ள காற்றை, வெப்பம் வெளியேறாதபடி ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அது சுமார் 340 கெல்வினை, அதாவது 67 டிகிரியை எட்டும். உண்மையான கருவியில் வெப்பம் இதைவிட அதிகமாகவே ஏறும்.

சூடான காற்றால் இரண்டு தொல்லைகள். ஒன்று, அதன் அடர்த்தி குறைவு. அதே பருமனில் குறைந்த ஆக்சிஜனே இருக்கும். மற்றது இன்னும் பெரிது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் பரவுவதற்குள், மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே பற்றி வெடித்துவிடும். இதை மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்தது போன்ற அதிர்ச்சி அது. தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். இணைப்புத் தண்டு வளையும்.

இதைத் தடுக்கவே உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோலை ஊற்றவேண்டியிருக்கிறது. அமுக்கிய காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஓர் அமைப்பும் வண்டியில் உண்டு. சிறிய கப்பியை மாட்டினால் காற்றும் வெப்பமும் சேர்ந்தே கூடும். 11 சதவீதம் அதிகக் காற்றுக்கு 11 சதவீதம் அதிகப் பெட்ரோலும் வேண்டும். பெட்ரோல் பம்பும், பெட்ரோலைப் பீய்ச்சும் குழல்களும் அதைத் தர முடியாவிட்டால், எரியும் கலவையில் பெட்ரோல் குறைந்து நாக்கிங் எளிதில் தோன்றும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறியையும் மாற்றியமைக்க வேண்டும். கப்பியின் விலை சிறிது. அதைத் தாங்கும்படி எஞ்சினைத் தயார் செய்யும் செலவு பெரிது.

முதல் செலவு எதற்கு?

முதலில் செய்யவேண்டியவை பெரும்பாலும் மலிவானவை. குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் சிறிய மின்பம்பு ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். அது நின்றுவிட்டால் மற்ற செலவெல்லாம் வீண். அடுத்து ஸ்பார்க் பிளக். இந்த எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். பிளக் பிடித்திருக்கும் மரைச்சுற்றுகள் மிகச் சில. முடுக்கம் தளர்ந்தால் எரியும் வாயுவின் அழுத்தம் பிளக்கையே வெளியே எறிந்துவிடக்கூடும். எனவே அளவுகாட்டும் ஸ்பானரால் சரியாக முடுக்கவேண்டும்.

பிறகு பிரேக். 2,100 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 8,10,000 ஜூல். வண்டியை நிறுத்தும்போது இது முழுவதும் பிரேக்குத் தட்டுகளில் வெப்பமாகிறது என்றும், நான்கு இரும்புத் தட்டுகளின் எடை 40 கிலோகிராம் என்றும் கொள்வோம். இரும்பின் தன்வெப்பம் 460 என எடுத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் வெப்பநிலை 44 டிகிரி ஏறும். மணிக்கு 140 கிலோமீட்டரில் சென்று நிறுத்தினால்? வேகம் 1.4 மடங்கு, ஆற்றலோ அதன் இருபடி, ஏறக்குறைய இரு மடங்கு. எனவே 86 டிகிரி ஏறும். அடுத்தடுத்து நிறுத்தினால் இது கூடிக்கொண்டே போகும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. ‘டாட் 3’ வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரிவரை இறங்கலாம். கொதித்தால் குமிழிகள் தோன்றும். குமிழி அமுங்கும், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. ஒரு புட்டி புதிய எண்ணெய் இந்த ஆபத்தைத் தவிர்க்கும்.

டயரையும் பார்க்கவேண்டும். அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தடம் தேயாவிட்டாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும்.

காசில்லாமல் கிடைக்கும் வேகமும் உண்டு. தொட்டியில் கிடக்கும் 50 கிலோகிராம் வேண்டாத பொருள்களை இறக்கினால் எடை 2.4 சதவீதம் குறையும். முடுக்கத்தைப் பொறுத்தவரை, இது சுமார் 9 குதிரைத்திறனைக் கூட்டியதற்குச் சமம். ஆனால் இவ்வண்டியை ஓட்டுபவை பின்சக்கரங்கள். தொட்டி காலியாக இருந்தால் அவற்றின் மேல் எடை குறைவு, உராய்வும் குறைவு, ஈரச் சாலையில் எளிதில் வழுக்கும். திறனைக் கூட்டுமுன் டயரைக் கவனிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்த இளைஞருக்கு நீங்களே ஒரு பட்டியல் எழுதித் தரலாம்: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து குளிர்விக்கும் அமைப்பும் பிளக்கும், அதற்குப்பின் பெட்ரோல் அமைப்பு, கடைசியாகக் கப்பி.

உங்களுக்கு இரண்டு கணக்குகள். கப்பியின் விட்டத்தை 15 சதவீதம் குறைத்தால் காற்று எத்தனை சதவீதம் கூடும்? வேகம் 100இலிருந்து 120 கிலோமீட்டரானால் பிரேக்கில் தோன்றும் வெப்பம் எத்தனை மடங்காகும்? முதல் விடை சுமார் 18 சதவீதம், இரண்டாவது 1.44 மடங்கு. விடைகள் எப்படி வந்தன என்பதை நோட்டில் எழுதி, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.