சிவப்பு விளக்குக் காமிரா: பாதுகாப்பா, வருவாயா?

சிவப்பு விளக்கை மீறும் வாகனங்களைப் படமெடுக்கும் காமிராக்கள் உயிர்களைக் காக்கின்றனவா, அன்றி அபராத வருவாயை மட்டும் பெருக்குகின்றனவா? அமெரிக்காவில் 7 பகுதிகளை ஆராய்ந்து 2005-ல் வெளியான அரசு ஆய்வின்படி, சந்திப்புகளில் குறுக்காக மோதும் விபத்துகள் 24.6 சதவீதம் குறைந்தன. பின்னாலிருந்து மோதும் விபத்துகள் 14.9 சதவீதம் கூடின. முன்னவையே கடுமையானவை, ஆதலின் நிகரப் பலன் ஓரளவு நன்மையே.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். 2021-ல் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ, காமிரா உள்ள இடங்களில் எச்சரிக்கைப் பலகைகளை வேண்டுகிறது. மஞ்சள் விளக்குக்குப் போதிய நேரம் அளிப்பதும் இன்றியமையாதது. அந்நேரத்தைக் குறைத்தால் வருவாயுடன் விபத்தும் பெருகும். எனவே, திட்டத்தின் வெற்றியை வசூலால் அளவிடலாகாது. விபத்துகளும் அபராதங்களும் ஒருங்கே குறைவதே உண்மையான வெற்றியாகும்.