கடிகாரம் உளறிய கையேடு: தெரியுமா உங்களுக்கு?

ஒரு மென்பொருளின் கையேட்டை லேடெக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை பிடிஎஃப் ஆக்குகிறீர்கள். ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், ஒரு வாய் காபி குடித்துவிட்டு, மறுபடியும் ஆக்குகிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே? இல்லவே இல்லை! இரண்டையும் ஷா256 கணக்கில் போட்டுப் பாருங்கள். 64 எழுத்துக் கைரேகை ஒன்று வரும். முதல் கைரேகைக்கும் இரண்டாவதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

குற்றவாளி யார்? காபி குடித்த அந்த ஐந்து நிமிடம்தான்! பிடிஎஃப் கோப்பு தான் பிறந்த நேரத்தை விநாடி சுத்தமாகத் தன் வயிற்றுக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. அது போதாதென்று, நேரத்தையும் கோப்பு இருக்கும் பாதையையும் கலந்து தனக்கென்று ஓர் அடையாள எண்ணும் செய்துகொள்கிறது. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இந்தக் கடிகாரத்தின் வாயை அடைக்க ஒரே ஒரு எண் போதும், தெரியுமா? 2015ல் வகுக்கப்பட்ட அந்த ஏற்பாட்டின் பெயர் 'சோர்ஸ் டேட் ஈபாக்'. 'சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதே, நான் சொல்வதுதான் நேரம்' என்று எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடும் ஒரு மாறி. 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்பதுதான் அந்த எண். மூலநிரலில் கடைசியாகக் கைவைத்த நேரத்தை அதில் போடுவது வழக்கம். லேடெக்கைப் பிடிஎஃப் ஆக்கும் பிடிஎஃப்டெக்கும் டெக் லைவ் 2016 பதிப்பிலிருந்து இதற்குக் கட்டுப்படுகிறது. ஆனால் முகப்பில் 'டுடே' என்று ஒரு கட்டளை போட்டு வைத்திருந்தால் அது மட்டும் அடங்காது; அதற்குத் தனியாக இன்னொரு மாறியையும் வைக்க வேண்டும்!

சரி, அந்த எண்ணுக்குப் பூஜ்யம் போட்டால் வேலை முடிந்ததே என்கிறீர்களா? அங்கேதான் மாட்டுவீர்கள். மின்நூல்களுக்கான ஈபப் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. ஜிப்புக்கோ 1980க்கு முந்தைய உலகமே கிடையாது! டாஸ் காலத்துப் பழக்கம். 1970 என்று சொன்னால் பைத்தானின் ஜிப் கருவி முடியாது என்று கையை விரித்துவிடும். அதனால்தான் நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவியின் தொகுப்புகள் 31,55,32,800 என்ற விசித்திர எண்ணிலிருந்து தொடங்குகின்றன. 3652 நாளை விநாடியாக்கிப் பாருங்கள், சரியாக 1980 ஜனவரி 1 வந்து நிற்கும். அந்த ஜிப் இன்னொரு கூத்தும் செய்கிறது: விநாடிகளை இரண்டிரண்டாகத்தான் எண்ணும். 7வது விநாடி என்று அதன் ஏட்டில் எழுதவே இடமில்லை.

கடிகாரம் மட்டும்தான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 'இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது?' என்று கேட்டால் கணினி தன் வசதிப்படி ஒரு வரிசையில் சொல்லும். பக்கத்துக் கணினி வேறு வரிசையில் சொல்லும். கையேட்டின் பொருளடக்கம் குலைந்துபோகும். அகர வரிசைப்படி அடுக்கினால் போயிற்று என்றால், யாருடைய அகர வரிசை? எஸ்தோனிய மொழியில் 'இசட்' கடைசி எழுத்தே அல்ல. எஸ்ஸுக்கும் டீக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது!

பாதுகாப்புக்குச் செய்த வைத்தியமே இங்கே பக்கவிளைவைக் கொண்டுவந்தது, தெரியுமா? 2011 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு தாக்குதலை விளக்கினார்கள். ஹாஷ் அட்டவணை தரவை எங்கே வைக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால், எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவித்து சர்வரைத் திணறடிக்கலாம். உடனே பைத்தான் 3.3 அந்த இடங்களை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குலுக்கிப் போட ஆரம்பித்தது. சர்வர் தப்பித்தது, ஆனால் 'செட்' என்ற தரவுத் தொகுதி ஒன்றை அப்படியே கையேட்டில் அச்சடித்தவர்களுக்கு இன்று ஒரு வரிசை, நாளை ஒரு வரிசை.

நான் ரசிப்பது இன்னொன்று. பைத்தான் நிரலிலிருந்தே ஆவணம் தயாரிக்கும் ஸ்ஃபிங்க்ஸ், ஒரு செயற்கூறின் இயல்பு மதிப்பையும் விசுவாசமாக எடுத்து எழுதும். அந்த மதிப்பு பெயரில்லாத ஒரு பொருளாக இருந்தால், அதன் நினைவக முகவரியே கையேட்டில் ஏறிவிடும். கையேட்டைப் பில்ட் செய்த கணினியில், அந்த ஒரு நிமிடம், அந்தப் பொருள் குடியிருந்த இடம்! வாசகருக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் உண்டா? இயல்பு மதிப்பு 'கணினியில் எத்தனை கோர்' என்று இருந்தால், யாரோ ஒருவருடைய இயந்திரத்தின் கோர் எண்ணிக்கை உலகத்துக்கே இயல்பு மதிப்பாக அச்சாகும்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்பவர்களுக்கு: டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரே நிரல் நூலகத்தின் 32 பிட், 64 பிட் வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுவலாம். இரண்டுக்கும் பொதுவான ஆவணக் கோப்பு பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆனால் அந்தக் கோப்பைச் சுருக்கும் ஜீஜிப் தன் முகப்பில் 4 பைட்டை நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த 4 பைட் மாறினால் நிறுவலே நின்றுவிடும்! பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது: 2020ல் அம்பலமான சோலார்விண்ட்ஸ் நிறுவன ஊடுருவலில் மூலநிரலில் தீங்கு இல்லை. தீய நிரலைப் பில்ட் ஆகும்போதுதான் நுழைத்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் பில்ட் செய்து ஒப்பிட்டால் அப்படிப்பட்ட திருட்டு தெரியும். ஆனால் கையேட்டின் அடியில் ஒரு தேதி மாறிக்கொண்டே இருந்தால் எல்லாத் தொகுப்பும் வேறுபட்டுத்தான் நிற்கும். திருடன் எங்கே, தேதி எங்கே என்று யார் பிரிப்பது?

யார் பில்ட் செய்தாலும் ஒரே கோப்பு வரவைக்கும் வேலையை 2013ல் தொடங்கிய டெபியன்காரர்கள் சோதிக்கும் விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தொகுப்பையும் இரண்டு முறை பில்ட் செய்கிறார்கள். இரண்டில் ஒரு முறை கடிகாரத்தை 398 நாள் எதிர்காலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நேர மண்டலங்களில் 26 மணி நேர இடைவெளி! ஒரு நாளில் 24 மணி நேரம்தானே என்று கேட்காதீர்கள், பசிபிக் தீவுகளின் நேரக் கணக்கு அப்படி. பயனர் பெயர், கணினியின் பெயர், மொழி எல்லாமே வேறு. கோப்பு வரிசையை வேண்டுமென்றே கலைத்துக் கொடுக்கவே டிஸ்ஆர்டர்எஃப்எஸ் என்று ஒரு கோப்பமைப்பு எழுதினார்கள். அதையும் தாண்டி வேறுபாடு வந்தால் டிஃபோஸ்கோப் இறங்கும். வெங்காயம் உரிப்பதுபோல் தொகுப்புக்குள் தொகுப்பு, அதற்குள் பிடிஎஃப் என்று பிரித்துப் போட்டு, இதோ இந்த வரி என்று காட்டிக் கொடுக்கும்.

கடைசியாக ஒன்று, சத்தியமாக நடந்தது. லினக்ஸில் கையேட்டைத் திறக்கும் கட்டளை 'மேன்'. 2011ல் அதற்குள் ஒரு குறும்பு புகுந்தது. பக்கத்தின் பெயர் தராமல் சரியாக நள்ளிரவு 12.30க்கு ஓட்டினால், அபா குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் தலைப்பைத் திரையில் உளறும். நள்ளிரவு தாண்டி ஒரு 'மேன்' வேண்டும் என்று ஏங்கும் பாட்டு அது! ஆறு வருஷம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2017ல் யாரோ ஒருவருடைய தானியங்கிச் சோதனைகள் 12.30க்கு ஓடினால் மட்டும் தோற்றன. தோண்டிப் பார்த்தால் இது! அந்த வருஷமே அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.