கோழிக்கூண்டும் கார் சாவியும்

நாவல் காட்டும் நாடு – 12
அரவிந்த் அடிகாவின் ‘தி ஒயிட் டைகர்’

சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் பெங்களூருக்கு வரப்போகிறார்; இந்தியத் தொழில்முனைவோரின் வெற்றிக் கதையை அவர்கள் வாயாலேயே கேட்க விரும்புகிறார் என்று வானொலியில் செய்தி வருகிறது. அதைக் கேட்ட பெங்களூர் டாக்ஸி நிறுவன முதலாளி ஒருவர், அந்தக் கதையைச் சொல்லத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று தீர்மானித்து, தன் சிறிய அலுவலக அறையில் சரவிளக்கின் கீழ் உட்கார்ந்து அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறார். ஏழாம் இரவில் முடியும் அந்தக் கடிதம்தான் ‘தி ஒயிட் டைகர்’ நாவல். எழுதுபவன் பெயர் பல்ராம் ஹல்வாய். கயா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ரிக்‌ஷா இழுத்தவரின் மகன். டிரைவராக வேலை பார்த்த வீட்டின் முதலாளியைக் கொன்றுவிட்டு, 7 லட்சம் ரூபாயுடன் ஓடிவந்தவன். இதை முதல் இரவிலேயே அவன் ஒப்புக்கொண்டுவிடுவதால், கொன்றது யார் என்ற மர்மத்துக்குக் கதையில் இடமில்லை. ஒரு வேலைக்காரன் அந்த நிலைக்கு எப்படி வந்தான், அதே நிலையில் இருக்கும் லட்சக்கணக்கான பேர் ஏன் வருவதில்லை என்ற இரண்டு கேள்விகள்தான் நாவலை நகர்த்துகின்றன.

காலமும் ஆசிரியரும்

அடிகா 1974இல் சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்தவர். குடும்பத்துடன் சிட்னிக்குக் குடிபெயர்ந்தபின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இலக்கியம் படித்தார். பிழைப்புக்கு எடுத்துக்கொண்டது பொருளாதாரச் செய்தியாளர் வேலை. பின்னர் ‘டைம்’ பத்திரிகையின் தெற்காசியச் செய்தியாளராக இந்தியா திரும்பினார். ரயில் நிலையங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் வேலைக்காரர் குடியிருப்புகளிலும் கேட்ட பேச்சுகளின் கலவைதான் பல்ராம் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

நாவல் 2008இல் வெளிவந்தது. அவருடைய முதல் நாவல் அதுதான். அந்த ஆண்டு அக்டோபரில் 50,000 பவுண்டு புக்கர் பரிசு அதற்குக் கிடைத்தது. இறுதிப் பட்டியலில் அமிதவ் கோஷின் ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ நாவலும் இருந்தது. சல்மான் ருஷ்டி, அருந்ததி ராய், கிரண் தேசாய் ஆகியோருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற இந்தியப் பிறப்புடையவர் அடிகா.

நாவல் நிற்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். 2004 தேர்தலில் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று ஆளுங்கட்சி விளம்பரம் செய்து தோற்றது. வென் ஜியாபாவ் 2005 ஏப்ரலில் தம் இந்தியப் பயணத்தை உண்மையிலேயே பெங்களூரில்தான் தொடங்கினார். குர்கானில் வயல்கள் அடுக்குமாடிகளாகவும் மால்களாகவும் மாறிக்கொண்டிருந்தன. பெங்களூரின் கால் சென்டர்கள் இரவெல்லாம் விழித்திருந்தன. வளர்ச்சி விகிதத்தைப் பற்றியே பேச்சாக இருந்த அந்த நேரத்தில், வளர்ச்சியின் காரை ஓட்டிக்கொண்டு போனவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று இந்த நாவல் கேட்டது.

இருட்டின் பொருளாதாரம்

பல்ராம் நாட்டை வெளிச்சம், இருட்டு என்று இரண்டாகப் பிரிக்கிறான். கடலோரம் வெளிச்சம், கங்கை பாயும் உள்நாடு இருட்டு. அவனுடைய லக்ஷ்மண்கர் கிராமம் இருட்டில் கிடக்கிறது. அங்கே நான்கு நிலப்பிரபுக்கள். நான்கு பேருக்கும் ஊர் வைத்த பட்டப்பெயர் விலங்கு, பறவைகளின் பெயர்தான். நாரை ஆற்றுக்குச் சொந்தக்காரன். மீன்பிடிப்பவனிடம் பங்கும் படகில் கடப்பவனிடம் சுங்கமும் வாங்குகிறான். காட்டுப்பன்றிக்கு விளைநிலம், காக்கைக்கு ஆடு மேய்க்கும் குன்று, எருமைக்குச் சாலையும் ரிக்‌ஷாக்களும். நிலம், நீர், மேய்ச்சல், பாதை என்று பிழைப்பின் ஒவ்வொரு வழியிலும் ஒருவன் உட்கார்ந்து வசூலிக்கிறான். பல்ராமின் அப்பா விக்ரம் ரிக்‌ஷா இழுத்துச் சம்பாதிப்பதில் ஒரு பகுதி எருமைக்குப் போய்விடும்.

அரசு நிறுவனங்களும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. பள்ளிக்கு வந்த சீருடைகளும் மதிய உணவுப் பணமும் ஆசிரியர் கையோடு காணாமல் போகின்றன. ஆனால் ஊரார் அவர்மேல் கோபப்படுவதில்லை. அவருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு மருத்துவர் மேலதிகாரிக்குப் பணம் கட்டிவிட்டு, பணியில் இருப்பதாகப் பதிவேட்டில் எழுதவைத்துக்கொண்டு, தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். விக்ரம் காசநோயால் ரத்தம் கக்கிச் சாகும்போது அரசு மருத்துவமனையில் மருத்துவரே இல்லை. தேர்தலில் டீக்கடை முதலாளி தன் கடைப் பையன்களின் ஓட்டை மொத்தமாகக் கட்சிக்கு விற்றுவிடுகிறான். பல்ராமின் வயதைக்கூட ஓட்டுப் போடும் தேவைக்கு ஏற்ப அரசாங்கம்தான் முடிவு செய்கிறது. வீட்டில் அவன் வெறும் ‘முன்னா’, அதாவது பையன். பல்ராம் என்று பெயர் வைத்ததும் பள்ளி ஆசிரியர்தான்.

மேலே இருப்பவன் தன்னைப் பிடுங்கும்போது, கீழே இருப்பவனைப் பிடுங்கியே ஈடுகட்ட முடியும் என்ற சங்கிலியை அடிகா இப்படி ஒவ்வொரு கண்ணியாகக் காட்டுகிறார். வறுமை இங்கே வெறும் பணமின்மை அல்ல. பெயர், வயது, ஓட்டு, உடம்பு எல்லாமே அடுத்தவர் கையில் இருக்கும் நிலை.

பின்னிருக்கையும் முன்னிருக்கையும்

ஒன்றுவிட்ட சகோதரியின் கல்யாணக் கடனுக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு டீக்கடையில் கரி உடைக்கும் பல்ராம், தன்பாத்தின் நிலக்கரி ஊருக்குப் போய் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். நாரையின் வீட்டிலேயே வேலையும் கிடைக்கிறது. வேலைக்குச் சேரும்போது அவனிடம் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, ஹல்வாய் என்பது மேல்சாதியா கீழ்சாதியா என்பது. முதலாளியின் வெந்நீரில் ஊறிய கால்களைப் பிடித்துவிடுவதும் டிரைவர் வேலையில் சேர்த்திதான். வீட்டின் முதல் டிரைவர் தான் முஸ்லிம் என்பதை மறைத்து வேலை செய்வதைக் கண்டுபிடித்து, அவரை வெளியேறவைத்து, அந்த இடத்தைப் பல்ராம் பிடித்துக்கொள்கிறான். அவனுடைய முதல் முன்னேற்றம் தன்னைப் போன்ற இன்னொரு ஏழையின் வயிற்றில் அடித்து வந்தது.

நாரையின் இளைய மகன் அசோக், அமெரிக்காவிலிருந்து மனைவி பிங்கியுடன் திரும்பியவர். இருவருக்கும் டிரைவராகப் பல்ராம் டெல்லிக்கு வருகிறான். குர்கான் அடுக்குமாடியின் மேல்தளத்தில் முதலாளி. தரைக்குக் கீழே கரப்பான்பூச்சி ஓடும் அறையில் டிரைவர். இந்த இருவரும் நாளெல்லாம் கைநீட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே இடம் ஹோண்டா சிட்டி கார். லஞ்சப் பேரமும் கணவன் மனைவி சண்டையும் முன்னிருக்கையில் ஆளே இல்லாததுபோல் பின்னிருக்கையில் நடக்கின்றன. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் முதலாளியின் கண்ணும் டிரைவரின் கண்ணும் சந்திக்கும் நொடிகளை நாவல் திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. இந்திய நகரத்தின் வர்க்க உறவைக் காட்ட வயலையும் ஆலையையும் விட்டு அடிகா காரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த நெருக்கம்தான்.

இரண்டு காட்சிகள் போதும். அமைச்சர் ஒருவருக்குப் பெருந்தொகை லஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், அசோக்கின் அண்ணன் கையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் காருக்குள் விழுந்துவிடுகிறது. மண்டியிட்டுத் தேடச் சொல்கிறார். எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. கடைசியில் பல்ராம் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கீழே போட்டு, அதையே எடுத்து நீட்டுகிறான். அவர் திருப்தியோடு வாங்கிக்கொள்கிறார். அந்த ஒரு ரூபாயால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலைக்காரன் தேடினானா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இன்னொன்று மால். செருப்புப் போட்டு வந்த ஒருவரைக் காவலாளி வாசலிலேயே விரட்டுவதைப் பல்ராம் பார்க்கிறான். முதலாளி போடும் சட்டைகளைக் கூர்ந்து கவனிக்கிறான்: நிறையப் படம் போட்டதாக இல்லாமல், வெள்ளையாக, சின்னதாக ஏதோ எழுதியிருக்கும். அதேபோல் ஒரு டி ஷர்ட்டும் கறுப்பு ஷூவும் வாங்கி மாட்டிக்கொண்டு வேறு வாசல் வழியாக உள்ளே போகிறான், யாரும் தடுக்கவில்லை. வர்க்க எல்லை எவ்வளவு மெல்லியது, அதைத் தாண்ட எதையெல்லாம் முதலில் கவனித்துக் கற்க வேண்டும் என்ற இரண்டையும் இந்தச் சிறு காட்சி சொல்லிவிடுகிறது.

அசோக் கொடுமைக்காரர் அல்ல. வேலைக்காரனை மரியாதையாக நடத்த வேண்டும் என்று வாயால் சொல்பவர். பல்ராமை அரைவேக்காடு என்று மனைவியிடம் இரக்கத்தோடு பேசுபவரும் அவர்தான். பிங்கி குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு தெருக்குழந்தையை ஏற்றிவிடும்போது, பழியை ஏற்றுக்கொள்வதாகப் பல்ராமிடம் வாக்குமூலம் எழுதி வாங்கப்படுகிறது. அசோக் அதைத் தடுக்கவில்லை. நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்ற வேறுபாடு நெருக்கடியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நாவல் சோதிக்கும் இடம் இது.

கூண்டின் பூட்டு

பழைய டெல்லியில் ஜும்மா மசூதிக்குப் பின்னால் இருக்கும் சந்தையில், கூண்டுக்குள் திணித்த கோழிகளின் கண்ணெதிரே மற்றக் கோழிகள் அறுபடுகின்றன. ரத்தவாடை அடிக்கிறது, அடுத்தது தங்கள் முறை என்று தெரிகிறது, ஆனாலும் அவை திமிறுவதில்லை. பல்ராமின் கோழிக்கூண்டுத் தத்துவம் இங்கிருந்து பிறக்கிறது. கட்டுக்கட்டாகப் பணம் நிறைந்த பையை டிரைவரிடம் நம்பிக் கொடுத்துவிட்டு முதலாளி நிம்மதியாக இருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு என்ன அடிப்படை?

நாவல் தரும் விடை: குடும்பம். எருமையின் குழந்தையை நக்சல்கள் கடத்திக் கொன்றபோது, சந்தேகத்துக்கு ஆளான வேலைக்காரனோடு அவன் குடும்பம் முழுவதும் அழிக்கப்பட்டதை ஊர் அறியும். வேலைக்காரன் ஓடினால் தண்டனை அவனோடு நிற்காது. போதாததற்குக் குடும்பமே உள்ளிருந்தும் பூட்டுகிறது: பாட்டி குஸும் பல்ராமின் சம்பளத்தைக் கேட்டுக் கடிதம் எழுதவைக்கிறாள், கல்யாணத்துக்கு நச்சரிக்கிறாள், பொய் வாக்குமூலத்துக்குச் சாட்சியாகவும் சம்மதிக்கிறாள். பாசமும் பயமும் சேர்ந்த பூட்டு என்பதால்தான் வெளியே காவலாள் தேவைப்படவில்லை.

இது வெறும் கற்பனை அல்ல. 1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லக்ஷ்மண்பூர் பாதேயில் ரன்வீர் சேனா என்ற நிலவுடைமையாளர் படை 58 தலித்துகளைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். 2010இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. குடும்பத்தோடு பழிவாங்கும் அச்சம் அந்த மண்ணில் எவ்வளவு நிஜமானது என்பதற்கு இது போதும்.

வெளியேறியவன்

கார் டயரைப் பார்க்கக் குனியவைத்து, உடைந்த விஸ்கி பாட்டிலால் அசோக்கைக் கொல்கிறான் பல்ராம். தன் குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தே செய்கிறான். தன்னிடம் வந்து சேர்ந்திருந்த சிறுவன் தரமை மட்டும் அழைத்துக்கொண்டு பெங்களூர் போகிறான். அங்கே அவன் செய்யும் முதல் முதலீடு காவல்துறைக்குக் கொடுக்கும் லஞ்சம். ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் உரிமம் இல்லாத டிரைவர்களை வைத்திருந்ததாகப் பிடிபட, கால் சென்டர் ஊழியர்களை இரவில் ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் அவன் கைக்கு வருகிறது. டொயோட்டா குவாலிஸ் வண்டிகள் ஓடுகின்றன. அவன் புதுப்பெயர் அசோக் சர்மா.

அவனுடைய டிரைவர்களில் ஒருவன் சைக்கிளில் வந்த இளைஞனை வண்டியால் மோதிக் கொன்றுவிடும்போது, காவல்துறையை வைத்தே வழக்கைச் சரிக்கட்டுகிறான். ஆனால் இறந்தவனின் வீட்டுக்கு நேரில் போய்ப் பணம் கொடுக்கிறான். அவன் சகோதரனுக்கு வேலை தருவதாகச் சொல்கிறான். பழைய முதலாளிகளிலிருந்து அவன் வேறுபடும் தூரம் அவ்வளவுதான். தான் கொன்றவரின் பெயரையே போட்டுக்கொண்டவன் அவருடைய இருக்கையிலும் உட்கார்ந்துவிட்டான். கூண்டு அப்படியே இருக்கிறது. கூட்டமாக விடுதலை கிடைக்கும் வழி எதையும் நாவல் நம்பவில்லை. ஏழைகளின் பெயரால் ஆட்சிக்கு வரும் ‘மகா சோஷலிஸ்ட்’ தலைவரும் லஞ்சப் பை வாங்குகிறவர்தான்.

எழுந்த கேள்விகள்

எலிசன், ரிச்சர்ட் ரைட், பால்ட்வின் ஆகிய கறுப்பின அமெரிக்க எழுத்தாளர்களுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக அடிகா சொல்லியிருக்கிறார். ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ (1940) நாவலிலும் பணக்கார வீட்டுக்கு டிரைவராகச் சேரும் இளைஞன்தான் கொலை செய்கிறான். இருவருக்கும் வேறுபாடு ஒன்று: ரைட்டின் பிகர் தாமஸ் பிடிபட்டு மரண தண்டனை பெறுகிறான், பல்ராம் தொழிலதிபர் ஆகிறான்.

விமர்சனங்களும் கடுமையாகவே வந்தன. வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமணியம், ஆங்கிலம் தெரியாத ஒருவன் இப்படிப்பட்ட ஆங்கிலத்தில் எப்படிச் சிந்திப்பான் என்று பல்ராமின் குரலையே சந்தேகித்தார். பீகாரில் வளர்ந்த எழுத்தாளர் அமிதவ குமார், தான் அறிந்த பீகார் இந்தப் பக்கங்களில் இல்லை என்றார். பெருவயிறு உள்ளவர்கள், சிறுவயிறு உள்ளவர்கள் என்று பல்ராம் சாதியை இரண்டே பிரிவாகச் சுருக்குவதும் குறைதான். ஹல்வாய் இனிப்புச் செய்யும் சாதி. தலித்துகளின் அனுபவம் அதிலிருந்து வேறுபட்டது. அந்த அடுக்குகளுக்குள் நாவல் நுழைவதில்லை. அங்கதத்துக்காக எல்லாவற்றையும் கூர்மையாக்கும்போது, உழைப்பாளிகளுக்கு இடையே இருக்கும் தோழமையும் போராட்ட மரபும் விடுபட்டுப்போகின்றன.

நாவலை அடிகா தன் கல்லூரி நண்பர் ரமின் பஹ்ரானிக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அதே பஹ்ரானி 2021இல் அதை நெட்ஃபிளிக்ஸுக்காகப் படமாக்கினார். ஆதர்ஷ் கௌரவ் பல்ராமாகவும் ராஜ்குமார் ராவ் அசோக்காகவும் நடித்த அந்தப் படம் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

நாவல் எழுப்பிய அறக்கேள்விக்கு அடிகாவே மறுபக்கத்திலிருந்து ஒரு விடையும் எழுதினார். 2020இல் வந்த ‘ஆம்னஸ்டி’ நாவலின் நாயகன் தனஞ்சய ராஜரத்தினம், மட்டக்களப்பிலிருந்து போன தமிழ் இளைஞன். விசா முடிந்தபின் சிட்னியில் ஒளிந்து வாழ்ந்து, வீடுகளைச் சுத்தம் செய்து பிழைக்கிறான். அவன் வேலை செய்த வீட்டுப் பெண் கொல்லப்படுகிறாள்; கொன்றது யாராக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். போலீசிடம் சொன்னால் நாடு கடத்தப்படுவான். ஒரு நாள் முழுவதும் தத்தளித்தபின் அவன் சொல்லிவிடுகிறான். பல்ராம் ஓர் உயிரைப் பறித்துத் தன் சுதந்திரத்தை வாங்கினான். தனஞ்சயன் ஓர் உயிருக்கு நியாயம் கிடைக்கத் தன் சுதந்திரத்தைக் கொடுத்தான். கீழே இருப்பவனுக்கு நேர்மை என்ன விலையில் கிடைக்கிறது என்பதை இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுமையாகக் கணக்கிட முடிகிறது.

(தொடரும்)