உருத்திராட்சப் பூனையைத் தீட்டிய ஓவியர்

மூலக்குளத்தைத் தாண்டி மேற்கே சென்றால் வில்லியனூர். அங்கே சுடுமண் சிற்ப வேலை இன்றும் நடக்கிறது; புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரையைக் கண்டு வியக்கிறோமே, அதை வனைந்தவன் பெயரை என்றாவது கேட்டோமா? கேட்டதில்லை! வங்கத்து ஓவியர் ஜாமினி ராயை எண்ணும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் நம்முன் வந்து நிற்கிறது.

1887-ல் பாங்குரா மாவட்டத்துப் பேலியாதோர் சிற்றூரில் பிறந்தவர் அவர். கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறை பயின்றார். எண்ணெய் வண்ணத்தில் மனித உருவங்களைத் தீட்டினார். பெயரும் வந்தது, பிழைப்பும் நடந்தது. 1920-களில் அதை உதறிவிட்டார். யாரிடம் பாடம் கேட்கப் போனார் தெரியுமா? பண்டிதரிடம் அல்ல, பட்டுவாக்கள் என்னும் நாட்டுப்புறப் படக்காரர்களிடம்!

காளிகாட் கோயிலருகே யாத்திரிகருக்குச் சில்லறைக் காசுக்குப் படம் விற்றவர்கள் அவர்கள். இராமன் கதை, கண்ணன் கதை எல்லாம் தீட்டினார்கள். நெற்றியில் நாமம், வாயில் இறால், இப்படி ஒரு பூனையையும் தீட்டினார்கள்! போலிச் சாமியாருக்குக் கொடுத்த சவுக்கடி அது. நம் நாட்டிலும் உருத்திராட்சப் பூனை உண்டு. மாமல்லபுரத்துப் பாறையில் எலிகள் சூழத் தவம் செய்கிறதே, அதன் உறவுதான். இறாலைக் கவ்விய பூனைகளை ஜாமினி ராயும் தீட்டினார்.

சீமைச் சாயத்தையும் கான்வாஸையும் ஒதுக்கினார். துணி, பாய், பலகை. விளக்குக் கரி, அவுரி நீலம், செங்காவி, சுண்ணாம்பு. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வீட்டாரும் கை கொடுக்க, ஒரே படத்தைப் பலமுறை எழுதி, எளிய குடும்பத்தாருக்கும் எட்டும் விலைக்குத் தந்தார். "கலைக்கூடமா, தொழிற்கூடமா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும்! நூறு பானை வனைந்தால் குயவன் கலைஞன் அல்லாமல் போய்விடுவானா?

1946-ல் இலண்டனிலும் 1953-ல் நியூயார்க்கிலும் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. 1954-ல் பத்மபூஷண். 1972-ல் மறைந்தார். 1976-ல் அவர் படைப்புகள் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. மலிவாக விற்ற படங்கள் இன்று பணக்காரர்களின் ஏலப் பொருள்.

அவர்மீது நமக்குக் குறையில்லை. ஆனால் பூனைக்கு முதலில் நாமம் இட்ட கை யாருடையது? அச்சு இயந்திரத்தில் மலிவுப் படங்கள் வந்து குவிந்தபோது, காளிகாட் படக்காரர்களின் பிழைப்பு போயிற்று. தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தம் படத்தின் மூலையில் கையொப்பம்கூட இட்டதில்லை.